ஓடும்போதே அணைந்துபோகும் பழைய கார்: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே ஒரு பழைய கார் வாங்கிவிடுகிறார்கள். வேறு வழியும் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் வீடு, உம்லாங்காவில் ஆபீஸ் என்றால் மினிபஸ் டாக்சியை மட்டும் நம்பி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பது ஒரு டொயோட்டா டாஸ். இல்லையென்றால் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கால்ஃப், ஓப்பல் கோர்சா, ஃபோர்டு ஐக்கான், ஹோண்டா பலாட். டாஸ் இந்த ஊர் வண்டி. நகரத்துக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2006 வரை செய்தார்கள். சிட்டி கால்ஃப் 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் தயாரானது. இரண்டுக்கும் ஸ்பேர் எங்கும் கிடைக்கும், எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் கை பழகிய எஞ்சின். நல்ல தேர்வுதான். ஆனால் வயர், ரிலே (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சின்னப் பெட்டி), ரப்பர் எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது.

இந்த வண்டிகளைப் பற்றி நான் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான். "நல்லா ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது." ஷெட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். மெக்கானிக் அனுமானத்தில் பிளக் மாற்றுவார், அடுத்த வாரம் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் தரும் பாகம்), அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பார்த்து அது ஏன் அணைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டி அணைந்து கிடக்கும் அந்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் தடயம் இருக்கிறது. அப்போது பக்கத்தில் இருப்பது நீங்கள் மட்டும்தான். என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் வீண்செலவில் பெரும்பகுதி மிச்சம்.

நடுரோட்டில் அணைந்தால்

எதையும் பார்ப்பதற்கு முன்னால் பத்திரமாக ஓரம் கட்ட வேண்டும். எஞ்சின் நின்றாலும் பிரேக் உடனே போய்விடாது. பிரேக்குக்கு உதவும் வேக்குவத்தில் (வெற்றிடத்தில்) மிச்சம் இருக்கும் சக்தி இரண்டு மூன்று முறை மிதிக்கப் போதும், அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியானால் ஸ்டீயரிங் திடீரென்று கனக்கும், ஆனால் திரும்பும். பதற்றத்தில் சாவியைப் பின்னுக்குத் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்ட் விளக்கைப் போட்டு, இருக்கும் வேகத்திலேயே சாலையோர மஞ்சள் கோட்டுக்கு வெளியே உருட்டிவிடுங்கள்.

என்-2, என்-3 போன்ற பெரிய சாலைகளில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்து. எல்லோரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். முக்கோணப் பலகையைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வையுங்கள். இரவில், ஆளில்லாத இடத்தில் நின்றுவிட்டால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யவே கூடாது. வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆனால் நேராக ஒரு பெட்ரோல் பங்குக்குப் போய்விடுங்கள். இங்கே பங்குகளில் எப்போதும் ஆள் இருப்பார்கள், வெளிச்சம் இருக்கும், பெரிய சாலையோரத்தில் இருப்பவை இரவு முழுக்கத் திறந்திருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு கைபேசியில் 112. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் பகலில், பத்திரமான இடத்தில் செய்ய வேண்டியவை.

எப்படி அணைந்தது?

முதல் கேள்வி இதுதான். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

சாவியைத் திருப்பி ஆஃப் செய்த மாதிரி, முன்னறிவிப்பே இல்லாமல் டப்பென்று நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. திக்கித் திணறி, இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை ஜெர்க் அடித்துவிட்டு நின்றதா? அது பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம். ஹெட்லைட் மங்கி, பேட்டரி விளக்கு எரிந்து, மெதுவாக உயிர் போன மாதிரி நின்றதென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

அடுத்தது டேஷ்போர்டு. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று சுழியத்தில் விழுந்தால் ஸ்பார்க்குக்கான சிக்னலே அறுந்துவிட்டது என்று அர்த்தம்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இருக்கும் சென்சர், எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சர், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல், அல்லது அவற்றுக்குப் போகும் கரண்ட். வண்டியின் வேகத்தோடு சேர்ந்து முள் மெதுவாக இறங்கினால் எஞ்சினைச் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஸ்பார்க் சிக்னல் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் பக்கம் போங்கள். டேஷ்போர்டு விளக்கு, ரேடியோ எல்லாமே ஒன்றாகச் செத்துப்போனால் பேட்டரி டெர்மினல், எர்த் வயர் (பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைப்பது), சாவி சுவிட்ச் இந்த மூன்றையும் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

இவற்றோடு சூழ்நிலையையும் சேர்த்து எழுதி வையுங்கள். வண்டியிலேயே ஒரு சின்ன நோட்டுப் போட்டு, அணையும் ஒவ்வொரு முறையும் தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் சூடா குளிரா, மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், மேடா வளைவா குழியா, எத்தனை நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்று குறியுங்கள். நான்கைந்து பதிவு சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது மட்டும் அணைகிறதென்றால் லூஸ் கனெக்ஷன். கால் டேங்குக்குக் கீழே போனால் மட்டும் என்றால் டேங்கின் அடியில் துருவோ தண்ணீரோ இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அணைந்து, இருபது முப்பது நிமிடம் ஆறினால்தான் கிளம்புகிறதென்றால் சூட்டில் மயங்கும் ஒரு மின்பாகம். தைப்பூசக் காவடிக்கு மவுண்ட் எட்ஜ்கூம் கோயிலுக்கு ஊர்ந்து போகும் கார் வரிசையில் நின்றுவிடும் வண்டிகளில் பல இந்த ரகம்தான். அது இங்கே கடும் கோடைக்காலம், பானெட்டுக்குள் காற்றோட்டமே இருக்காது.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், வேலை செய்யும் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் வயர், டார்ச். ஸ்பேர் கடையில் எல்லாமே மலிவாகக் கிடைக்கும். கம்ப்யூட்டர் ஸ்கேனர் வாங்க அவசரப்படாதீர்கள், இந்த வயது வண்டிகள் பலவற்றில் அதைச் செருக இடமே இருக்காது. தொண்ணூறுகளின் இன்ஜெக்ஷன் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) டொயோட்டாக்களில் வேறொரு வசதி உண்டு. பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னஸ்டிக் பெட்டியில் டிஇ1 (TE1), இ1 (E1) என்ற இரண்டு முனைகளைச் சின்ன வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்து பிழை எண்ணைச் சொல்லும். சீராக எரிந்து அணைந்தால் பிழை எதுவும் பதிவாகவில்லை. 12 அல்லது 13 வந்தால் சுழற்சி சிக்னல் கிடைக்கவில்லை, 14 வந்தால் இக்னிஷன் சிக்னல். இரண்டு முனைகளையும் சரியாகப் படித்து உறுதிசெய்துகொண்டு இணையுங்கள், தவறான முனையில் வைத்தால் பியூஸ் போகலாம், கம்ப்யூட்டரே கூடப் போகலாம்.

முதலில் மின்சாரம்

பேட்டரி டெர்மினலிலிருந்து ஆரம்பிப்போம். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், கொஞ்சம்கூட அசையக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். பிளஃப், இசிபிங்கோ மாதிரி கடலோரத்தில் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் இந்தப் பூப்பு சீக்கிரமே வந்துவிடும், உப்புக்காற்று சும்மா விடாது. எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போதும் 12-ஐ ஒட்டியே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை.

எர்த் வயரைப் பலரும் பார்ப்பதே இல்லை. எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் உள்ள பட்டை வயர் துருப்பிடித்திருக்கிறது அல்லது நட்டு லூஸ். அதே சோதனையை நெகட்டிவுக்கும் பாடிக்கும் இடையில் ஒருமுறை செய்யுங்கள்.

அப்புறம் சாவி. இந்த ஊரில் ஒருவரின் சாவிக்கொத்தைப் பாருங்கள்: வெளி கேட், கதவுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கிராதி, பூட்டுகள், அலாரம் ரிமோட், ஆபீஸ் சாவி எல்லாம் ஒன்றாகத் தொங்கும். அத்தனை எடையும் வருடக்கணக்கில் இக்னிஷன் சுவிட்சை ஆட்டி ஆட்டி உள்ளே இருக்கும் தொடுமுனைகளைத் தேய்த்துவிடுகிறது. வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சின் ஓடும்போது சாவியை மேலும் கீழுமாக, இரண்டு பக்கமுமாக லேசாக ஆட்டுங்கள். எஞ்சின் தடுமாறினாலோ டேஷ்போர்டு விளக்கு மினுங்கினாலோ குற்றவாளி கிடைத்துவிட்டது. பல வண்டிகளில் பின்பக்க மின்சுவிட்சை மட்டும் தனியாக மாற்றலாம், பூட்டையே மாற்ற வேண்டியதில்லை. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கார் சாவியை இன்றே தனி வளையத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இம்மொபிலைசர்: இங்கே கொஞ்சம் நிற்போம்

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. வண்டித் திருட்டு அதிகம் என்பதால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இம்மொபிலைசர், அதாவது திருடன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விடாமல் தடுக்கும் மின்பெட்டி, கேட்கும். தொழிற்சாலையில் வராத வண்டிகளுக்கு வெளியே கொடுத்து மாட்டினார்கள். அது இரண்டு மூன்று இடத்தில் வயரை வெட்டி நடுவில் ரிலேயை நுழைக்கும்: இக்னிஷனுக்குப் போகும் வயர், பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் வயர், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயர். எது எதுவென்று திருடனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எல்லா வயரையும் கறுப்பாகவே போடுவது வழக்கம். மாட்டிய கை நல்ல கையாக இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் 15, 20 வருடம் கழித்து வண்டி உங்கள் கைக்கு வரும்போது வினை ஆரம்பிக்கும்.

நண்பர் ஒருவரின் டாஸ் இப்படித்தான் வாரத்துக்கு ஒருமுறை எங்கேயாவது நின்றது. காயில் மாற்றியாயிற்று, பம்ப் மாற்றியாயிற்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பெடலுக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து கறுப்பு வயர்க் கற்றை. நடுவில் ஒரு இணைப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருந்தது. டேப்பின் பசை உருகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உரித்தால் உள்ளே சால்டர் (ஈயப் பற்றவைப்பு) இல்லை, கிரிம்ப் (நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்) இல்லை, இரண்டு வயரைத் திருகிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். செம்பு பச்சையும் கறுப்புமாக மாறி, பிடித்துக்கொண்டிருந்தது மூன்றே மூன்று இழை. எஞ்சினை ஓடவிட்டு அந்த இணைப்பை ஒரு விரலால் தள்ளினோம், எஞ்சின் நின்றது. விட்டோம், ஸ்டார்ட் ஆனது. வெட்டிச் சுத்தம் செய்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வண்டி அணைந்த உடனே, சாவி ஆனில் இருக்கும்போதே இம்மொபிலைசரின் சின்ன விளக்கைப் பாருங்கள். மினுங்கிக்கொண்டிருந்தால் பெட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. விளக்கு சரியாக இருந்தாலும் வயர் இணைப்புகளை மேலே சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். பெட்டியே கெட்டிருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு நேர் வயர் கொடுக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, கேட்காதீர்கள். பாலிசியில் இம்மொபிலைசர் நிபந்தனையாக இருந்தால் வண்டி திருடு போகும் நாளில் பணம் கிடைக்காமல் போகலாம். முறையாக மாட்டும் கடையில் புதிதாகப் போட்டுச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிலேக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளின் ஹோண்டாக்களில், பலாட் உட்பட, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயின் சால்டரில் மெல்லிய விரிசல் விடுவது பேர்போன கோளாறு. வெயிலில் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஜன்னலைத் திறந்து உள்ளே ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். ரிலேயைத் திறந்து சால்டரைத் திரும்ப உருக்கினாலே சரியாகிவிடும். மற்ற வண்டிகளில் பெட்ரோல் பம்ப் ரிலேயை, அதே எண் போட்ட ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை.

இரண்டு பல்பு வைத்துப் பிடிப்பது

எப்போதாவது மட்டும் அணையும் வண்டிக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது. டேஷ்போர்டில் எரிவது போன்ற 12 வோல்ட் சின்ன அடையாள பல்பு இரண்டு வாங்குங்கள், வெவ்வேறு நிறத்தில். ஒன்றின் வயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் இணையுங்கள். மற்றதைப் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் பாசிட்டிவ் வயரில். இரண்டிலும், இணைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். பல்புகளின் மறுமுனையைப் பாடியில் எர்த் செய்துவிட்டு, இரண்டையும் டேஷ்போர்டில் கண்ணில் படும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். வயர் எங்கேயும் சைலன்சரையோ பெல்ட்டையோ தொடக் கூடாது, பெடலில் மாட்டவும் கூடாது. பிறகு வழக்கம் போல ஓட்டுங்கள்.

அணையும்போது காயில் பல்பு அணைந்தால் சாவி சுவிட்ச், இம்மொபிலைசர், பியூஸ் இவற்றுக்குள்தான் கோளாறு. காயில் பல்பு எரிகிறது, பம்ப் பல்பு மட்டும் முதலில் அணைந்தது என்றால் பம்ப் ரிலே அல்லது அதன் வயர். இரண்டுமே எரிந்துகொண்டிருக்க எஞ்சின் நின்றால் கரண்ட் சரியாக வருகிறது. காயில், மாட்யூல், சென்சர், பம்ப் மோட்டார், பில்டர் என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒரு நுணுக்கம் உண்டு. இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சின் சுற்றுவது நின்றதும் கம்ப்யூட்டரே பம்ப்பை நிறுத்திவிடும். அதனால் எஞ்சின் நின்று ஓரிரு நொடி கழித்துப் பம்ப் பல்பு அணைவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எது முந்தியது என்பதுதான் கேள்வி. கார்புரேட்டர் (காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலக்கும் பழைய வகை) வண்டிகளில் பம்ப் பெரும்பாலும் எஞ்சினிலேயே இயங்கும், அங்கே காயில் பல்பு ஒன்று போதும்.

கரண்ட் வருகிறது, ஸ்பார்க் வருகிறதா?

வண்டி அணைந்து, திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு பிளக் வயரைக் கழற்றி உங்களிடம் இருக்கும் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினை நன்றாகத் தொடும்படி வையுங்கள். கையால் பிடிக்கவே கூடாது, ஆயிரக்கணக்கான வோல்ட் அது. பிளக்கை எர்த் செய்யாமல் காற்றில் தொங்கவிட்டால் காயிலும் மாட்யூலும் கெட்டுப்போகலாம். சுற்றுமுற்றும் பெட்ரோல் வாடை இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, சுளீரென்று சத்தத்தோடு பொறி வந்தால் இந்தப் பக்கம் சரி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ வராமலே போனாலோ காயிலைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடாக இருந்தால் அதன் மேல் சந்தேகம். நனைத்துப் பிழிந்த துணியைக் காயிலின் உடம்பு மேல் மட்டும் சில நிமிடம் போட்டு வையுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் பதில் கிடைத்துவிட்டது. கிராங்க் சென்சரையும் இதே மாதிரி குளிரவைத்துப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் கை எட்டாத இடத்தில் இருக்கும்.

மழையிலும் காலைப் பனியிலும் மட்டும் தகராறு செய்யும் வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கின மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. துடைத்துப் போட்டால் சில நாள் ஓடும், மாற்றிவிடுவதே நல்லது. இரவில் விளக்கு எதுவும் இல்லாமல், எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்தால் பிளக் வயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டர்பனின் ஈரக்காற்றில் பழைய வயர்களுக்கு இது சகஜம்.

பெட்ரோல் ஏறுகிறதா?

இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்கும். வண்டி நன்றாக இருக்கும்போதே அதைக் கேட்டுக் காது பழகிவையுங்கள். அணைந்த நேரத்தில் அது கேட்கவில்லை என்றால் ரிலே, பியூஸ், பம்ப் மூன்றில் ஒன்று. டேங்கின் அடியைக் கைமுட்டியால் தட்டினால் பம்ப் உயிர் பெறுகிறதென்றால் பம்ப் மோட்டாரின் கதை முடிந்துகொண்டிருக்கிறது. ஃபோர்டு ஐக்கான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விபத்தில் பெட்ரோலை நிறுத்துவதற்கான இனர்ஷியா சுவிட்ச் கால் வைக்கும் பகுதியின் ஓரத்தில் இருக்கும். பெரிய குழியில் விழுந்தால் அது தட்டிவிடும். மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் திரும்ப இணையும்.

டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வேக்குவம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் போகும். அரை மணி நேரம் ஓடி, திணறி நின்ற வண்டியில் மூடியைத் திறக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே வண்டி கிளம்பினால் மூடியை மாற்றுங்கள். பெட்ரோல் பில்டரைப் பொறுத்தவரை, எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், விவாதமே வேண்டாம். கழற்றிய பழையதை ஒரு வெள்ளைத் தட்டில் தலைகீழாகக் கொட்டுங்கள். பழுப்புத் தூள் விழுந்தால் டேங்க் துரு, கீழே தனித்தனிக் குமிழாகத் திரண்டால் தண்ணீர். இரண்டுக்கும் டேங்கை இறக்கிக் கழுவாமல் விடிவு கிடையாது.

கார்புரேட்டர் வண்டியில் சோதனை இன்னும் எளிது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஏர் பில்டர் மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் காலி: பம்ப் டயாஃப்ரம், பில்டர், குழாய் மூன்றையும் பாருங்கள்.

சிக்னலில் மட்டும் அணைகிறதா?

ரோபோவில், அதாவது டிராஃபிக் சிக்னலில் (இங்கே நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்), ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்து, ஓட்டத்தில் ஒன்றும் செய்யாத வண்டிக்குக் காரணம் வேறு. இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் ஐடிலிங் வால்வும் த்ராட்டில் பாடியும் கரி பிடித்திருக்கும், ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தாலே சரியாகும். கார்புரேட்டர் வண்டியில் ஐடில் சொலினாய்டை (ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது பெட்ரோல் விடும் சின்ன மின்வால்வு) பாருங்கள்: சாவியை ஆன் செய்யும்போது "டிக்" என்ற சத்தம் வர வேண்டும். வந்தும் அணைகிறதென்றால் ஐடில் ஜெட் அடைப்பு. இரண்டு வகையிலும் வெடித்த வேக்குவம் குழாய் வழியாக ஏர் பிடித்தாலும் இதே அறிகுறிதான். வயதான ரப்பர் குழாயை மடக்கிப் பார்த்தால் விரிசல் தெரிந்துவிடும்.

மேலும் கீழும் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேலே 1,700 மீட்டருக்கும் அதிக உயரம், காற்று மெலிதானது. அங்கே ட்யூன் செய்த கார்புரேட்டர் வண்டியை வாங்கி டர்பனுக்குக் கொண்டுவந்தால் காற்றோடு ஒப்பிட பெட்ரோல் குறைந்துபோய், காலையில் குளிரில் அணைந்து அணைந்து அழவைக்கும். அது கோளாறே இல்லை, கடற்கரைக்கு ஏற்றபடி மறுபடி ட்யூன் செய்தால் போதும். இன்ஜெக்ஷன் வண்டிகள் இதைத் தாங்களாகவே சமாளித்துக்கொள்ளும்.

என்-3-இல் ஹில்டன், ஹோவிக் பக்கம் குளிர்ந்த மூடுபனியில் இன்னொரு விசித்திரம் நடக்கும். ஏறக்குறைய 5 முதல் 15 டிகிரிக் குளிரும் நிறைந்த ஈரமும் சேரும்போது கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடித்து மூச்சடைத்துவிடும். ஓரமாக நிறுத்திச் சில நிமிடம் விட்டால் எஞ்சினின் சூட்டில் உருகி, தடயமே இல்லாமல் சரியாகிவிடும். எஞ்சினை ஒட்டிய புகைக்குழாய்ப் பக்கத்திலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒன்று ஏர் பில்டருக்கு வரும். பழைய வண்டிகளில் அது கிழிந்துபோய் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்ப மாட்டுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

டெம்பரேச்சர் முள் சிவப்பில் நின்றபடி எஞ்சின் அணைந்தால் மேலே சொன்ன எதையும் முயலாதீர்கள். ஆறவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாத ஓசையோடு சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இன்னொரு முறை அடித்தால் சில எஞ்சின்களில் வால்வு வளையும். சாவியை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் ஒழுகுவது கண்ணில் பட்டாலும் அப்படியே.

மெக்கானிக்கிடம் போகும்போது

"வண்டி அணையுது அண்ணா" என்று மட்டும் சொல்லாமல் நோட்டைக் கையில் கொடுங்கள். "சூடான பிறகு அணைகிறது, ஆர்பிஎம் முள் உடனே விழுகிறது, காயில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது, ஸ்பார்க் இல்லை, பம்ப் சத்தம் கேட்கிறது." இந்த ஒரு வாக்கியம் சொன்னால் நல்ல மெக்கானிக் நேராக மாட்யூலுக்கோ சென்சருக்கோ போய்விடுவார். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதனால் பிரச்சினை தீரவில்லை என்றால் பழையது நல்ல பாகம்தான், டிக்கியில் ஸ்பேராக இருக்கட்டும். வண்டி வாங்கும்போது கொடுத்த ரோட்வொர்தி சான்றிதழைக் காட்டி விற்றவரிடம் வாதாடுவதில் பயன் குறைவு. அந்தச் சோதனை பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் போன்றவற்றுக்கானது, எப்போதாவது அணையும் எஞ்சினை அது பிடிக்காது.

பழுது பார்த்தாயிற்று என்று சொன்ன பிறகும் அந்த இரண்டு பல்புகளை உடனே கழற்ற வேண்டாம். முன்பு எந்தச் சூழ்நிலையில் அணைந்ததோ அதே சூழ்நிலையில், அதாவது நல்ல வெயிலில், அதே அளவு பெட்ரோலோடு, அதே மேட்டில், பகல் நேரத்தில் பக்கத்துத் தெருக்களிலேயே சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதம் அணையாமல் ஓடிய பிறகு பல்புகளைக் கழற்றலாம். வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் போகும் திட்டம் இருந்தால் அதையும் அதற்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.